வைக்கிங் காலத்துல நாடகம்னு ஒண்ணு இருந்துச்சா இல்லையா?

திரைச்சீலை:
இந்த செமஸ்டர்ல உலக நாடக வரலாறு பேப்பர் ஒண்ணு இருக்கு. கிரேக்கம் ஆச்சு, ரோம் ஆச்சு, அப்புறம் ஒரே தாவா தாவி 10ஆம் நூற்றாண்டுல ஈஸ்டர் அன்னிக்கு சர்ச்சுக்குள்ள சாமியாருங்க மூணு பேரு கல்லறையைத் தேடி வர்ற பெண்கள் மாதிரி நடிச்சாங்க, ஐரோப்பாவுல நாடகம் மறுபடி பொறந்தது அங்கதான்னு போட்டுட்டு பாட்டுக்குப் போயிட்டே இருக்கு. நடுவுல அத்தனை நூறு வருஷம் ஒருத்தன் கூட இன்னொருத்தன் மாதிரி நடிச்சுக் காட்டலையா? அதே நேரத்துல வடக்க, நார்வே டென்மார்க் பக்கம், வைக்கிங்குங்கற கடலோடிங்க இருந்தாங்கல்ல, டிசம்பர்ல பகலே நாலஞ்சு மணி நேரம்தான் இருக்கும்னு சொல்றாங்க, மீதி நேரமெல்லாம் வீட்டுக்குள்ள உக்காந்து என்னதான் பண்ணாங்க? கிளாஸ்ல கேட்டதுக்கு "மேடையே இல்லாதவங்களுக்கு ஏதுப்பா நாடகம்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. இங்க சாகா (அந்த வடக்கத்தி ஆளுங்களோட பழைய உரைநடைக் கதை) படிச்சவங்க இருக்கீங்கன்னு தெரியும், கொஞ்சம் சொல்லுங்க. அசைன்மென்ட்டுக்கு இதையே எடுக்கலாமான்னு பாக்கறேன்.

பனிக்கரடி:
தாராளமா எடுங்க. மேடை இல்ல, ஒத்துக்கறேன், ஆனா கூடம் இருந்துச்சு. நீளமா ஒரு கட்டடம், நடுவுல நெருப்பு, ரெண்டு பக்கமும் பெஞ்சு, தலைவனுக்கு மட்டும் உசரமா ஒரு ஆசனம். அங்க ஒருத்தன் எழுந்து நின்னு வாயைத் தொறந்தான்னா அவனுக்கு எதுக்க உக்காந்திருக்கறவன் கையில கத்தி இருக்கும். அந்த மாதிரி ஆடியன்ஸ் முன்னாடி பேசறது எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச ஒரு சின்னக் கதை இருக்கு, 13ஆம் நூற்றாண்டுல எழுதின மோர்கின்ஸ்கின்னாங்கற அரசர்கள் தொகுப்புல வரும். நார்வே அரசன் ஹரால்ட் ஹார்ட்ராடா (1046லேர்ந்து 1066 வரை ஆண்டவன்) கிட்ட ஐஸ்லாந்துலேர்ந்து ஒரு சின்னப் பையன் வந்து சேர்றான். உனக்கு என்ன தெரியும்னு கேட்டா கதை தெரியும்ங்கறான். சரி இரு, யாரு எப்பக் கேட்டாலும் சொல்லணும்னு கண்டிஷன் போட்டு அரசன் வச்சுக்கறான். பையன் சொல்றான், எல்லாருக்கும் புடிச்சுப் போயி துணிமணியெல்லாம் குடுக்கறாங்க. யூல்ங்கற குளிர்காலப் பண்டிகை நெருங்க நெருங்க பையன் மூஞ்சி தொங்கிப் போகுது. அரசன் கண்டுபுடிச்சுடறான், என்ன கதை தீந்து போச்சான்னு. ஒண்ணே ஒண்ணு பாக்கி, ஆனா அதை இங்க சொல்ல தைரியம் இல்லங்கறான் பையன். என்னன்னு கேட்டா, அரசன் இளவயசுல வெளிநாடு போயி சண்டை போட்ட கதை, அதாவது அரசனோட கதையே.

அரசன் சொல்றது பாருங்க, நான் கேக்கணும்னு ஆசைப்படற கதையே அதுதான், ஆனா இப்ப வேணாம், யூல் முதல் நாள் ஆரம்பி, தினம் கொஞ்சமா சொல்லு, பண்டிகை முடியறப்ப கதையும் முடியற மாதிரி நான் பாத்துக்கறேன், நீ சொல்லும்போது எனக்குப் புடிச்சுதா இல்லையான்னு என் மூஞ்சியைப் பாத்து உன்னால கண்டுபுடிக்க முடியாதுங்கறான். அப்படியே நடக்குது. பையன் ஆரம்பிச்சதும் கொஞ்ச நேரத்துல அரசன் போதும்ங்கறான். குடிச்சுட்டிருக்கறவங்க எல்லாம் இவனுக்கு எவ்வளவு துணிச்சல்னு குசுகுசுன்னு பேசிக்கறாங்க, சிலருக்குப் புடிக்குது சிலருக்குப் புடிக்கல. 13ஆம் நாள் கதை முடியுது. எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசை இல்லையான்னு அரசன் கேக்க, பயமா இருக்குன்னு பையன் சொல்றான். நல்லா சொன்ன, நடந்ததுக்குக் குறைவா எதுவும் இல்ல, யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா, வருஷா வருஷம் கோடையில சபை கூடற இடத்துக்குப் போவேன், அங்க ஹால்டோர் ஸ்நோரசன் கிட்ட வருஷத்துக்குக் கொஞ்சமா கத்துக்கிட்டேன்ங்கறான். ஹால்டோர் யாருன்னா கான்ஸ்டான்டினோப்பிள்ல (இன்னிக்கு இஸ்தான்புல்) அரசன் கூடவே நின்னு சண்டை போட்ட ஆளு.

இதுக்குள்ள என்னெல்லாம் இருக்கு பாருங்க. குரு இருக்கார், பாடம் இருக்கு, எபிசோடு எபிசோடா பிரிக்கறது இருக்கு, ஆடியன்ஸ் ரியாக்‌ஷன் இருக்கு. நாடகத்துக்கு வேற என்னங்க வேணும்?

சந்தேகசாமி:
கரடி சார் கதை சூப்பர், ஆனா நாடகத்துக்கு வேற என்ன வேணும்னு கேட்டா பதில் இருக்கு, வேஷம் வேணும். ஒருத்தன் உக்காந்து கதை சொன்னா அது கதைசொல்லல், அவன் இன்னொருத்தனா மாறணும், அப்பதான் நாடகம். ரெண்டாவது, நடந்தது 11ஆம் நூற்றாண்டு, எழுதினது 13ஆம் நூற்றாண்டு, அதுவும் ஊரே கிறிஸ்தவத்துக்கு மாறினதுக்கு அப்புறம். 200 வருஷம் கழிச்சு ஒருத்தர் எழுதி வச்சதை வச்சுக்கிட்டு அன்னிக்குக் கூடத்துல இப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்லிட முடியுமா?

பாப்கார்ன்பாய்:
அண்ணா ஒரு டவுட், அந்தக் கொம்பு வச்ச ஹெல்மெட்டே பொய்யின்னு ஒரு வீடியோல சொன்னாங்க அது நெஜமா?

பனிக்கரடி:
சண்டைக்குப் போட்டதா ஒரு ஆதாரமும் இல்ல. 1943ல நார்வேல யெர்முண்ட்பூங்கற இடத்துல ஒரு ஹெல்மெட் கெடச்சுது, கண்ணைச் சுத்திக் கண்ணாடி போட்ட மாதிரி இரும்பு வளையம் இருக்கும், கொம்பு கெடையாது. கொம்பைப் பரப்பி விட்டது 1876ல பைரோய்த்ல வாக்னரோட ஓபராவுக்கு டிரெஸ் டிசைன் பண்ண கார்ல் எமில் டோப்ளர். அதாவது நாடகக்காரங்க பண்ண வேலை.

ஆனா கதை அதோட முடியல. ஸ்வீடன்ல ஓலண்ட் தீவுல தோர்ஸ்லுண்டாங்கற ஊர்ல 1870ல நாலு வெண்கல அச்சு கெடச்சுது, ஹெல்மெட் மேல ஒட்டற தகடுக்கான அச்சு, வைக்கிங் காலத்துக்கும் ஒரு 200 வருஷம் முன்னாடி உள்ளது. ஒண்ணுல தலையில ரெண்டு கொம்பு, கையில ஈட்டி, கால் ஆட்டத்துல மடங்கின மாதிரி ஒருத்தன், அவன் பக்கத்துல ஓநாய்த் தலையும் தோலும் போட்ட இன்னொருத்தன், ஆனா கால் மட்டும் மனுசக் கால். சாமி, இது உங்களுக்கு. வேஷம் கேட்டீங்களே.

ஒஸ்லோக்காரன்:
வணக்கம். நான் ஒஸ்லோவில இருக்கிறன், இஞ்சத்தே வைக்கிங் கப்பல் மியூசியம் 2022ல பூட்டினது, பெருப்பிச்சுக் கட்டுறாங்கள். அதுக்கு முதல் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். ஒசெபெர்க் கப்பல் எண்டு ஒண்டு, 1904ல கிண்டி எடுத்தது, 834ம் ஆண்டு ரெண்டு பொம்பிளையளப் புதைச்ச கப்பல். எல்லாரும் கப்பலத்தான் பாப்பினம், ஆனா அதுக்குள்ள ஒரு துணியும் இருந்தது, ஒரு சாண் அகலம்தான், துண்டு துண்டாப் போய்க் கிடந்தது, அதைப் பாத்துக் கீறின படம்தான் இப்ப எல்லா இடத்திலயும் வருகுது. அதில ஒரு ஊர்வலம் போகுது, குதிரை, வண்டில், நிறையச் சனம். அதுக்குள்ள கொம்பு வச்ச மாதிரி ஒரு ஆள் நிக்கிறார், இன்னொரு உருவம் பண்டி (பன்றி)த் தலையும் தோலும் போட்ட மாதிரிக் கிடக்கு, உடுப்பப் பாத்தா பொம்பிளை எண்டு சொல்லுகினம். அது சாமி ஊர்வலமோ செத்த வீடோ எண்டு ஒருத்தருக்கும் நிச்சயம் இல்லை, ஆனா வேசம் போட்டுக்கொண்டு ஆக்கள் போயிருக்கினம் எண்டு அந்தக் காலத்துத் துணியே சொல்லுது. இது 13ம் நூற்றாண்டில ஒருத்தரும் எழுதி வச்ச கதை இல்லை.

சந்தேகசாமி:
படம்னா சாமியையும் வரையலாம், கனவையும் வரையலாம். ஓநாய்த் தலையோட ஒரு உருவம் இருந்தா யாரோ ஓநாய்த் தோல் போட்டாங்கன்னு அர்த்தம் ஆயிடாது. கையில புடிக்கற மாதிரி ஏதாவது இருக்கா?

பனிக்கரடி:
இருக்கு. ஹெடெபி, இன்னிக்கு ஜெர்மனியோட வடக்கு முனையில இருக்கு, அன்னிக்கு டேனிஷ்காரங்களோட பெரிய சந்தை ஊரு. அந்தத் துறைமுகச் சேத்துக்குள்ளேர்ந்து கம்பளி ஃபெல்ட்ல செஞ்ச ரெண்டு மிருக முகமூடி கெடச்சிருக்கு. கண்ணுக்கு ஓட்டை வெட்டினது அப்படியே இருக்கு. படம் இல்ல, துணி, மூஞ்சியில மாட்டினது.

அடுத்தது கான்ஸ்டான்டினோப்பிள். பைசான்டியப் பேரரசர் 7ஆம் கான்ஸ்டன்டைன் பேர்ல 10ஆம் நூற்றாண்டுல தொகுத்த அரண்மனைச் சடங்குப் புத்தகம் ஒண்ணு இருக்கு, யாரு எங்க நிக்கணும், எப்ப குனியணும்னு அவ்வளவும் எழுதி வச்சிருப்பாங்க. அதுல கிறிஸ்துமஸ் 12 நாள்ல ஒம்பதாம் நாள் விருந்துல கோத்திக் ஆட்டம்னு ஒண்ணு வருது. ரெண்டு அணி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேரு ரோமத் தோலை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டு, மூஞ்சியில முகமூடி, இடது கையில கேடயம், வலது கையில கழி. ஓடி வந்து கழியால கேடயத்தை அடிச்சுக்கிட்டு "தூல்! தூல்!"னு கத்தி அரசர் மேசைக்கு முன்னாடி வட்டமா சுத்தணும். அரண்மனைக்காரங்களே அன்னிக்கே எழுதி வச்ச ஸ்டேஜ் டைரக்‌ஷன் இது. வடக்குலேர்ந்து வந்த வீரர்கள் அந்த நூற்றாண்டு ஆரம்பத்துலயே அங்க கூலிப்படையா இருந்தாங்க.

சந்தேகசாமி:
கோத்திக்னு போட்டிருக்கு, நார்ஸ்னு, அதாவது வைக்கிங் ஆளுங்கன்னு போடலையே. பழைய ஜெர்மானியக் கூலிப்படை வழக்கம் எதுவோ ஒட்டிக்கிட்டு வந்ததா இருக்கலாம்ல. ஆனா முகமூடி விஷயம் வெயிட்தான், குறிச்சுக்கறேன்.

நெய்தல்:
நீங்க ரெண்டு பேரும் ஓநாய்த் தோலைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கறதுல பெண்களை மறந்துட்டீங்க. சிவப்பு எரிக்கோட சாகாவுல கிரீன்லாந்துல ஒரு குறி சொல்ற பாட்டி வருவாங்க, தோர்ப்யோர்க்னு பேரு. அந்த வருஷம் பஞ்சம், வேட்டைக்குப் போனவங்க வெறுங்கையோட வர்றாங்க, பஞ்சம் எப்ப தீரும்னு கேக்க அவங்களை ஒரு பண்ணைக்குக் கூப்பிடறாங்க. அவங்க உள்ள வர்ற எடத்தை மட்டும் படிச்சுப் பாருங்க, காஸ்ட்யூம் லிஸ்ட் மாதிரியே இருக்கும். நீல மேலங்கி, ஓரம் வரைக்கும் கல்லு பதிச்சது. கழுத்துல கண்ணாடி மணி. தலையில கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல் முக்காடு, உள்ள வெள்ளைப் பூனைத்தோல் வச்சுத் தைச்சது. கையில பித்தளைக் குமிழ் வச்ச கோல். இடுப்புல பெரிய சுருக்குப்பை, மந்திர சாமானெல்லாம் அதுல. முடியோட இருக்கற கன்னுக்குட்டித் தோல் செருப்பு, அதோட வார் நுனியில வெள்ளீயக் குண்டு. கையில பூனைத்தோல் உறை. அவங்க உக்கார்றதுக்குன்னே ஒரு உசந்த இடம், கோழி இறகு வச்ச மெத்தை.

வந்த உடனே எதுவும் சொல்லிடல. சாப்பிடறாங்க, ஒரு ராத்திரி தூங்கறாங்க, மறுநாள்தான் காரியம். அதுக்கு ஒரு பாட்டு தெரிஞ்ச பெண்கள் வேணும்ங்கறாங்க, ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. கடைசியில குத்ரிட்னு ஒரு சின்னப் பொண்ணு, எனக்குத் தெரியும், ஐஸ்லாந்துல வளர்ப்புத்தாய் சொல்லிக் குடுத்தாங்க, ஆனா நான் கிறிஸ்தவள், பாட மாட்டேன்ங்கறா. வீட்டுக்காரர் ரொம்பக் கேட்டதுக்கப்புறம் ஒத்துக்கறா. பெண்கள் எல்லாம் அந்த மேடையைச் சுத்தி வட்டமா நிக்கறாங்க, இவ பாடறா, இவ்வளவு அழகா யாரும் பாடிக் கேட்டதில்லன்னு அங்க இருந்தவங்க சொன்னதா எழுதியிருக்கு. இதுவும் பின்னாடி எழுதினதுதான், சாமி ஆரம்பிக்க முன்னாடி நானே சொல்லிடறேன். ஆனா உசந்த இடம், உடுப்பு, கோரஸ், காக்க வச்சு வர்ற என்ட்ரி, இவ்வளவையும் கற்பனையில யோசிச்சு எழுதற அளவுக்கு அந்த ஊர்க்காரங்களுக்கு நிகழ்த்துகலை பத்தி ஒரு கண்ணு இருந்துச்சே, அதை எங்க கொண்டு போயி வைப்பீங்க?

திரைச்சீலை:
நெய்தல் அக்கா இது செம மேட்டர். எனக்கு இன்னொண்ணு தெரியணும், ஸ்கிரிப்ட்னு சொல்ற மாதிரி எதுவும் இருக்கா? வசனம், யாரு பேசறாங்கங்கற குறிப்பு, அந்த மாதிரி.

பனிக்கரடி:
நீங்க கேக்க மாட்டீங்களான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்.

கோடெக்ஸ் ரீஜியஸ்னு ஒரு சின்னத் தோல் கையெழுத்துப் பிரதி, 1270 வாக்குல ஐஸ்லாந்துல எழுதினது, நார்ஸ் கடவுள்கள் பாட்டுல (எட்டாப் பாட்டுன்னு, Eddaன்னு, சொல்வாங்க) முக்காவாசி நமக்குக் கெடச்சது அதுலேர்ந்துதான். 45 ஏடு மிச்சம், நடுவுல எட்டு ஏடு காணோம். 1662ல டென்மார்க் அரசருக்குப் பரிசாப் போயி 1971ல போர்க்கப்பல்ல திரும்ப ஐஸ்லாந்துக்கு வந்துச்சு, துறைமுகத்துல ஊரே திரண்டு நின்னுச்சாம். சரி அது இருக்கட்டும். அதுல சில பாட்டு முழுக்க முழுக்க பேச்சு மட்டும்தான், "அவன் சொன்னான், இவள் சொன்னாள்"னு பாட்டுக்குள்ள வராது. பின்ன யாரு பேசறாங்கன்னு எப்படித் தெரியும்? ஏட்டோட வெளி ஓரத்துல, மார்ஜின்ல, பேரோட முதல் எழுத்தைப் போட்டு "சொன்னது"ங்கறதுக்கு ஒரு எழுத்து போட்டு வச்சிருக்காங்க. பின்னாடி பைண்டிங்குக்கு ஓரத்தை வெட்டினப்ப சிலது பாதி போயிடுச்சு.

டெரி கன்னல்னு ஐஸ்லாந்துல இருக்கற ஆய்வாளர் 1995ல இதைத்தான் புடிச்சார். அந்தக் காலத்துல ஓரத்துல பேர் போடற இந்த முறை பெரும்பாலும் எங்க இருக்குன்னு தேடிப் பாத்தா, இங்கிலாந்துலயும் வட பிரான்ஸ்லயும் நாடகப் பிரதியில இருக்கு. அப்ப இந்த எட்டாப் பாட்டை ஏட்டுல ஏத்தினவரு இதை நாடக வகையாத்தான் பாத்திருக்கணும்ங்கறார். ஒரே ஆளு ரெண்டு மூணு பாத்திரமா சட்டு சட்டுன்னு மாறி இதைச் சொன்னா கேக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது, அதனால ஆளுக்கொரு பாத்திரமா பேசியிருப்பாங்கன்னு சொல்றார். அவருக்கு முன்னாடியே 1920ல பெர்தா பில்பாட்ஸ்னு ஒரு அம்மா இதே திசையில போயிருக்காங்க.

அந்த மாதிரி பாட்டுல லோகசென்னாவைப் பாருங்க. கடலரசன் ஏகிர் வீட்டுல விருந்து, கடவுள்கள் எல்லாம் உக்காந்திருக்காங்க, தோர் மட்டும் ஊர்ல இல்ல. வெளிய தொரத்தி விட்ட குசும்புக்காரன் லோகி திரும்ப வந்து வாசல்ல நிக்கற வேலைக்காரன்கிட்ட உள்ள என்ன பேசிக்கறாங்கன்னு விசாரிச்சுட்டு உள்ள நுழையறான், எல்லாரும் கப்சிப். அப்புறம் ஒவ்வொருத்தர் மானத்தையும் வாங்கறான், யாரு யாரு கூடப் படுத்தா, யாரு கோழைன்னு. அவன் வரி பெரும்பாலும் எப்படி ஆரம்பிக்குதுன்னா "வாயை மூடு இதுன்", "வாயை மூடு ஃப்ரேயா"ன்னு பேரு சொல்லி. நடிக்கறவனுக்கு இது எவ்வளவு வசதி, எந்தப் பக்கம் திரும்பணும்னு வரியே சொல்லிடுது, கடைசிப் பெஞ்சுல உக்காந்தவனுக்கும் யாரைத் திட்டறான்னு தெரிஞ்சுடும். கடைசியில தோர் வந்து நாலு தடவை ஒரே வரியில ஆரம்பிச்சு சுத்தியலால அடிப்பேன்னு மிரட்டறான், நாலாவதுக்கு அப்புறம்தான் லோகி கெளம்பறான், போகும்போதும் இனிமே நீ விருந்தே வைக்க மாட்டேன்னு ஏகிரைத் திட்டிட்டுத்தான் போறான்.

சந்தேகசாமி:
அதே மார்ஜின் குறிப்பை இப்படியும் பாக்கலாமே. ஏடு எழுதினவருக்கு லத்தீன் நாடகப் பிரதி பழக்கம், வாசகருக்குப் புரியட்டும்னு அந்த முறையை எடுத்துப் போட்டுட்டார். அது 1270ல புத்தகம் எழுதற பழக்கத்தைக் காட்டுது, 970ல கூடத்துல நடந்ததைக் காட்டல. கன்னல் வாதம் கெட்டிக்காரத்தனமான வாதம், எனக்கும் புடிக்கும். ஆனா "இப்படி நிகழ்த்தினா நல்லா இருக்கும்"ங்கறதுலேர்ந்து "இப்படித்தான் நிகழ்த்தினாங்க"ங்கறதுக்குப் போற பாலம் இன்னும் கட்டல.

பாப்கார்ன்பாய்:
தோர் பொண்ணு வேஷம் போட்டது நெஜமாவே பழைய பாட்டா இல்ல மீம்ஸா அண்ணா

பனிக்கரடி:
நெஜம்தான், அதே ஏட்டுல இருக்கு. தோரோட சுத்தியலை த்ரிம்ங்கற அரக்கன் திருடிட்டு ஃப்ரேயாங்கற பெண் தெய்வத்தைக் கட்டிக் குடுத்தாத்தான் தருவேங்கறான். ஃப்ரேயா கோவத்துல விட்ட மூச்சுல கழுத்து நகையே தெறிச்சு விழுது. சரின்னு தோருக்கே கல்யாணப் பொண்ணு வேஷம் கட்டி, இடுப்புல சாவிக்கொத்து தொங்கவிட்டு, தோழி வேஷத்துல லோகியும் கூடப் போறான். விருந்துல கல்யாணப் பொண்ணு ஒரு முழு எருதும் எட்டு சால்மனும் தின்னுட்டு மூணு பீப்பா தேன்கள்ளு குடிக்குது. அரக்கன் முழிக்கறான். லோகி கூலா சொல்றான், உங்களைப் பாக்கற ஆசையில எட்டு ராத்திரியா சாப்பிடலங்க. முக்காட்டைத் தூக்கி முத்தம் குடுக்கப் போயி கண்ணைப் பாத்து தெறிச்சு ஓடறான், அதுக்கும் எட்டு ராத்திரியா தூங்கலங்கன்னு பதில். எத்தனை கூடத்துல இதுக்கு வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாங்க.

நெய்தல்:
அரசவைக் கவிஞர்களைப் பத்தி யாரும் பேசலையே. ஸ்கால்ட். அவங்க பண்றதும் நிகழ்த்துதல்தானே.

பனிக்கரடி:
அது வேற உலகம். எட்டு வரி, வரிக்கு ஆறு அசை, ரெண்டு ரெண்டு வரிக்கு மோனை, வரிக்குள்ளயே எதுகை, இவ்வளவும் வச்சு, பொருளையும் நேரா சொல்லக் கூடாது. அண்டங்காக்கைன்னு சொல்லாம ரத்தத்தோட அன்னம்னு சொல்லணும், கப்பல்னு சொல்லாம கடல் குதிரைன்னு சொல்லணும், கேக்கறவன் உக்காந்த இடத்துலயே அவுத்துப் புரிஞ்சுக்கணும். ஓலண்ட்ல கார்லெவிங்கற இடத்துல 1000 வாக்குல நட்ட கல்லுல இந்த யாப்புல ஒரு முழுப் பாட்டு ரூன்ங்கற அவங்க பழைய எழுத்துல செதுக்கியிருக்கு. சாமிக்கு இது புடிக்கும், அன்னிக்கே எழுதினது.

நிகழ்த்தறதுக்கு உதாரணம் வேணும்னா எகில் ஸ்கல்லக்ரிம்சன்ங்கற ஐஸ்லாந்துக் கவிஞன். ரத்தக் கோடாலின்னு பட்டப்பேர் உள்ள அரசன் எரிக்கோட மகனைக் கொன்னவன், கடைசியில யார்க்ல அதே எரிக் கையில மாட்டிக்கறான். நண்பன் அரின்ப்யோர்ன் கெஞ்சி ஒரு ராத்திரி வாங்கித் தர்றான், அதுக்குள்ள அரசனைப் புகழ்ந்து 20 பா எழுதணும். ஜன்னல் ஓரமா ஒரு தகைவிலான் குருவி ராத்திரி முழுக்கக் கத்தி எழுத விட மாட்டேங்குது, நண்பன் கூரை மேல ஏறி அதைத் தொரத்திட்டு விடியற வரைக்கும் அங்கயே காவல் உக்காந்திருக்கான். காலையில எகில் அரசன் முன்னாடி போயி சத்தமா ஆரம்பிச்ச உடனே கூடம் அமைதியாயிடுச்சுன்னு சாகா சொல்லுது. சொல்லி முடிக்கற வரைக்கும் எரிக் நிமிந்து உக்காந்து அவனையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தானாம். முடிஞ்சதும் அரசன் வாயிலேர்ந்து வந்த முதல் வார்த்தையே பாட்டை ரொம்ப நல்லா நிகழ்த்தினங்கறதுதான். பாட்டு நல்லாருக்குன்னு கூடச் சொல்லல. தலை தப்பிச்சுது. இந்தப் பாட்டுல வழக்கமான யாப்பை விட்டுட்டு வரிக் கடைசியில இயைபு வர்ற மாதிரி கட்டியிருக்கான், காதுல சும்மா அடிச்சுக்கிட்டே போகும்.

இதே ஹரால்ட் ஹார்ட்ராடா தெருவுல நடந்து போகும்போது ஒரு வீட்டுக்குள்ள தோல் பதனிடறவனும் கொல்லனும் கட்டிப் புரண்டு சண்டை போடற சத்தம் கேக்குது. கூட வந்த தலைமைக் கவிஞர் த்யோடோல்ஃப் கிட்ட இதுக்கு ஒரு பாட்டு கட்டுங்கறான். இதெல்லாம் என் தகுதிக்கு இல்லன்னு அவரு முறுக்கறார். அவ்வளவு சுலபம் இல்ல, ஒருத்தன் தோர், இன்னொருத்தன் கெய்ரோட் அரக்கன்னு வச்சுப் பாடுங்கறான் அரசன். பாடறார். உடனே இப்ப ஒருத்தன் பாம்பைக் கொன்ன வீரன் சிகுர்ட், இன்னொருத்தன் பாம்பு ஃபாஃப்னிர்ங்கறான். அதுக்கும் பாடறார். தெருச் சண்டையைப் புராணமா மாத்தறது, அதுவும் நின்ன இடத்துல.

ஒஸ்லோக்காரன்:
கவிதைக்குத் தண்டனையும் இருந்தது தெரியுமோ. ஐஸ்லாந்தின்ர பழைய சட்டம் க்ராகாஸில ஒரு பொம்பிளையில காதல் பாட்டுக் கட்டினா முழு நாடுகடத்தல், அதாவது ஆர் வேணுமெண்டாலும் அந்த ஆளக் கொல்லலாம். ஒருத்தரக் கேவலப்படுத்தி அரைப் பாட்டுச் சொன்னாலும் அதே தண்டனைதான். வெறும் பொழுதுபோக்கெண்டால் உப்பிடிச் சட்டம் போட்டிருப்பாங்களோ?

எல்லாரும் வடிவாப் பாடினவை எண்டும் நினைக்க வேண்டாம். 965 வாக்கில ஸ்பெயினில இருந்து ஹெடெபிக்கு வந்த, அரபியில எழுதின பயணி அல்தர்தூஷி, இவையின்ர பாட்டப் போல மோசமான பாட்டு நான் கேட்டதே இல்லை, தொண்டைக்குள்ள இருந்து நாய் குரைக்கிற மாதிரி வருகுது, அதிலயும் மோசம் எண்டு எழுதி வச்சிட்டார்.

திரைச்சீலை:
ஹாஹா அந்தப் பயணியை அசைன்மென்ட்ல கண்டிப்பா சேத்துடறேன். இந்தக் கூடத்துக் கவிஞருங்க தவிர வேற ஆட்டக்காரங்க, வித்தை காட்டறவங்க இல்லையா?

பனிக்கரடி:
இருந்தாங்க, கவிஞருங்களுக்கு அவங்களைக் கண்டா ஆகாது. ஸ்வெர்ரிர் சாகாவுல மாக்னுஸ் எர்லிங்சன் அரசன் முன்னாடி (அவன் 1184ல செத்துட்டான், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி) ரெண்டு ஆட்டக்காரங்க குட்டி நாய்ங்களைக் கழியைத் தாண்டி குதிக்க விடறாங்க. எதுக்க உக்காந்திருக்கறவர் எவ்வளவு பெரிய ஆளோ கழியும் அவ்வளவு உசரம். மரியாதையை நாயை வச்சு அளந்து காட்டறாங்க! ஓரமா உக்காந்திருந்த மானிங்கற கவிஞன் மூஞ்சியைப் பாத்துட்டு அரசன் என்ன உனக்குப் புடிக்கலயா, ஒரு பாட்டு விடுங்கறான். அவன் விட்ட பாட்டைப் புடிச்சுக்கிட்டு அரசனோட ஆளுங்க அந்த ரெண்டு பேரையும் சுத்தி நின்னு அதையே திரும்பத் திரும்பப் பாடி கூடத்தை விட்டே ஓட விட்டுட்டாங்க.

பாப்கார்ன்பாய்:
இப்ப இதெல்லாம் எங்கயாவது நடக்குதா, ஸ்காட்லாந்துல கப்பலை எரிக்கறாங்களே அது?

சந்தேகசாமி:
ஷெட்லாண்ட் லெர்விக்ல ஜனவரி கடைசி செவ்வாய் நடக்கற அப் ஹெலி ஆ. பாக்க பிரமாதம், ஆனா வைக்கிங் காலத்துலேர்ந்து விடாம வர்றதுன்னு நெனச்சுக்காதீங்க, கப்பலை எரிக்கறது 1889லதான் ஆரம்பிச்சுது. டென்மார்க் ஃப்ரெடெரிக்சுண்ட்ல வருஷா வருஷம் போடற வைக்கிங் நாடகம் 1952லேர்ந்து. ஃபாரோ தீவு சங்கிலி ஆட்டம் நல்லா இருக்கும், வாத்தியமே இல்லாம கையைக் கோத்துக்கிட்டு காலாலயே தாளம் போட்டு சிகுர்ட் கதையை நூத்துக்கணக்கான பாட்டா பாடுவாங்க, ஆனா அந்த ஆட்ட வடிவம் பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து பின்னாடி வந்தது.

நெய்தல்:
அதே ஷெட்லாண்ட்ல ஸ்கெக்லர்னு ஒண்ணு இருந்துச்சு, 19ஆம் நூற்றாண்டுல கூட. உடம்பு முழுக்க வைக்கோல், தலையில வைக்கோல் கூம்புத் தொப்பி, மூஞ்சியில துணி, வீடு வீடாப் போவாங்க. குரல் அடையாளம் தெரியக் கூடாதுன்னு மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே பேசுவாங்க. முயற்சி பண்ணிப் பாருங்க, வித்தியாசமா வரும். நடிகர்களுக்கு இது ஒரு நல்ல பயிற்சி.

திரைச்சீலை:
பண்ணிப் பாத்தேன், ரூம்மேட் பயந்துட்டான்.

சரி இப்ப முடிவு பண்ணிட்டேன். கட்டுரையோட ஒரு சின்ன நிகழ்வும் குடுக்கணும், 15 நிமிஷம். எந்தப் பாட்டு சரியா வரும்? ரெண்டு பேருக்கு மேல ஆள் இல்ல, செட்டும் கெடையாது.

பனிக்கரடி:
ஹார்பார்ட்ஸ்ல்யோட். ஒரு கடல் கால்வாய், இந்தக் கரையில தோர், கெழக்கேர்ந்து நடந்து வந்து அலுத்துப் போயி நிக்கறான், அந்தக் கரையில படகுக்காரன். படகைக் கொண்டாடான்னா அவன் மாட்டேங்கறான், காரணம் அவன் மாறு வேஷத்துல இருக்கற ஓடின், தோரோட அப்பன். தோருக்கு அது தெரியவே தெரியாது. நான் இத்தனை அரக்கனைக் கொன்னேன், நீ என்ன கிழிச்சன்னு தோர் கேக்க, நான் இத்தனை பெண்களை மயக்கினேன்னு அவன் சொல்ல, இப்படியே போகும். கடைசி வரைக்கும் படகு வராது, சுத்தி நடந்து போன்னு வழி சொல்லிட்டு நாசமாப் போன்னு சாபம் குடுத்து அனுப்பிடறான். யாப்பு அங்கங்க ஒடஞ்சு கெடக்கும், பேச்சு மாதிரியே இருக்கும், அதனால தமிழ்ல கொண்டு வர்றது சுலபம். கூடத்தோட ரெண்டு கோடியில ஆளுக்கொருத்தரா நின்னு ஆடியன்ஸை நடுவுல உக்கார வச்சுடுங்க, அவங்கதான் தண்ணி.

சந்தேகசாமி:
இது நல்ல ஐடியா. மாறு வேஷம் பாட்டுக்குள்ளயே இருக்கறதால என் ஆட்சேபணையும் இதுக்குப் பெருசாப் பொருந்தாது. ஆனா கட்டுரையில "வைக்கிங்குகள் இப்படி நடித்தனர்"னு மட்டும் எழுதிடாதீங்க, "நடித்திருக்கலாம்"னு போடுங்க.

திரைச்சீலை:
ஓகே சார் 😄 மெட்டு ஏதாவது இருக்கா? பாடணுமா, பேசணுமா?

ஒஸ்லோக்காரன்:
வைக்கிங் காலத்து மெட்டெண்டு எழுதி வச்சது ஒண்டும் இல்லை. 1780ல லா போர்ட் எண்ட பிரெஞ்சுக்காரர் அச்சடிச்ச இசைப் புத்தகத்தில ஐஸ்லாந்து மெட்டுக் கொஞ்சம் கிடக்கு, எட்டாப் பாட்டு ஒண்டுக்கும் இருக்கு. அதுக்குப் பிறகு ரீமுர் எண்டு ஐஸ்லாந்தில வீட்டுக்குள்ள ராவில கம்பளி வேலை செய்யேக்க பாடுற நீட்டுப் பாட்டு, 14ம் நூற்றாண்டில இருந்து இருக்கு. 1929ல ரெய்க்யாவிக்கில இதுக்கெண்டு இதுன் எண்டு ஒரு சங்கம் துவங்கி, 1930களில 200 மெட்டுகளத் தட்டில பதிஞ்சு வச்சவை. செக்வென்சியா எண்ட பழைய இசைக் குழுவில பெஞ்சமின் பாக்பி இதுகளை வச்சு எட்டாவைப் பாடி 1999ல இசைத்தட்டும் விட்டவர். முதல் ரீமுர் ரெண்டு மூண்டு கேளுங்கோ, அதில கடைசிச் சொல்ல இழுத்து விடுற விதம் ஒண்டு இருக்கு, படகுக்காரன்ர குரலுக்கு அதைக் குடுக்கலாம், தோர் வெறுமனக் கத்தட்டும்.

பனிக்கரடி:
அதேதான், தோர் கத்தட்டும். மொழிபெயர்ப்பு முதல் பத்து வரி போட்டதும் இங்கயே ஒட்டுங்க, பாத்துச் சொல்றேன்.